மூலம் என்னும் சொல்லும் மென்பொருள் உரிமப் பூசல்களும்

மொழிபெயர்ப்பியலில் மூலம் என்பது பெயர்ப்புக்கு முற்பட்ட பனுவலைக் குறிக்கும். கணிப்பொறித் துறையிலோ அது நிரலர் எழுதும், படித்துத் திருத்தக்கூடிய வடிவத்தைக் குறிக்கிறது. பொறி இயக்கும் வடிவம் எண்களின் தொகுதி. அதனை இயக்கலாமேயன்றிப் புரிந்துகொண்டு மாற்றுதல் அரிது. முன்னது காலமுதன்மை பற்றிய பொருள். பின்னது பயன்பாடு பற்றிய பொருள். திருத்தப்பட்ட திறமூல மென்பொருள்களைப் பற்றிக் கடந்த நாற்பது ஆண்டுகளில் எழுந்த பூசல்களுள் சில, இவ்விரு பொருள்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின்மேல் நிற்பவை. அவற்றின் வரலாற்றை மொழியியல் நோக்கில் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாறு எமாக்ஸ் என்னும் பனுவல் திருத்தியிலிருந்து தொடங்குகிறது. ஜேம்ஸ் காஸ்லிங் 1981இல் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கென ஓர் எமாக்ஸை எழுதித் தாராளமாக வழங்கிவந்தார். 1983இல் அதன் உரிமையை யூனிபிரஸ் நிறுவனத்துக்கு விற்றார். ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதத் தொடங்கிய குனூ எமாக்ஸில் காஸ்லிங்கின் நிரற்பகுதிகள் சில இடம்பெற்றிருந்தன. யூனிபிரஸ் அதற்குத் தடை கூறவே, 1985இல் அப்பகுதிகளை அவர் புதிதாக எழுதி மாற்றினார். பகிர்வதற்கு ஒப்புக்கொண்ட வாய்மொழி பின்னர் செல்லாமற்போகலாம் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று. எமாக்ஸுக்கென்று எழுதப்பட்ட உரிமம் 1989இல் எல்லா நிரல்களுக்கும் உரிய குனூ பொதுமக்கள் உரிமமாக விரிந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1991இல் வெளிவந்தது.

அவ்விரண்டாம் பதிப்பில் மூல நிரல் வரையறுக்கப்படும் முறை நம் கவனத்துக்குரியது. ஒரு படைப்பில் திருத்தம் செய்வதற்கு எவ்வடிவம் விரும்பப்படுமோ அவ்வடிவமே அதன் மூல நிரல் என்கிறது உரிமம். முதன்மை, பழமை, ஆசிரியர் ஆகிய எதுவும் இவ்வரையறையில் இல்லை. ஆகவே திருத்தப்பட்ட ஒரு நிரலுக்கு மூலம் எது எனில், திருத்தப்பெற்ற அந்நிரலே. முதலாசிரியர் எழுதியது அன்று. திருத்திய நிரலைப் பொறிவடிவில் விற்றுவிட்டு, முதலாசிரியரின் மூலத்தை மட்டும் காட்டினால் போதுமா என்னும் ஐயத்தைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தன் வினாவிடைக் குறிப்பில் தனியே எடுத்துக்கொண்டு, போதாது என்று விடை கூறியுள்ளது. திருத்தங்களை மட்டும் தனியே தருவதும் போதாது என்பது அதன் கருத்து.

இதே உரிமம், திருத்தம் என்னும் சொல்லுக்குள் மொழிபெயர்ப்பையும் அடக்கிக்கொள்கிறது. நிரல் ஒன்றை வேறு மொழிக்கு மாற்றுவதும் திருத்தமே என்று அது கூறுகிறது. எவ்வகை மொழி என்று விளக்கவில்லை. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வழிப்படைப்புகளுக்கு எடுத்துக்காட்டுத் தருமிடத்து முதலில் வைப்பதும் மொழிபெயர்ப்பையே. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டமோ மொழிபெயர்ப்பு உரிமையையும் தழுவல் உரிமையையும் தனித்தனியே எண்ணுகிறது. நம் சட்டத்தில் உடன்பிறப்புகளாக நிற்பவை அமெரிக்கச் சட்டத்தில் தாயும் சேயுமாக நிற்கின்றன. ஒரு நாட்டின் சட்டச்சொல்லை மற்றொரு நாட்டில் அப்படியே வழங்குவதிலுள்ள இடர்ப்பாடு இதனால் விளங்கும். 2007இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, நாட்டுக்கு நாடு பொருள் மாறும் வழக்குச் சொற்களை விலக்கி, பரப்புதல், சேர்ப்பித்தல் என்னும் பொருள்தரும் இரு சொற்களைத் தானே வரையறுத்து ஆண்டது இவ்விடர்ப்பாடு கருதியே.

பூசல்கள் நீதிமன்றம் ஏறியபோதும் மொழிச்சிக்கல் தொடர்ந்தது. இணைய வழிச்செலுத்திக் கருவிகளில் லினக்ஸைப் பொதிந்து விற்ற நிறுவனங்கள் மூலத்தை வெளியிடாமை 2003ஆம் ஆண்டளவில் பெரும் பேச்சாயிற்று. லின்க்சிஸ் நிறுவனம் அவ்வாண்டில் மூலத்தை வெளியிட்டது. அதன் பயனாக ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திட்டம் பிறந்தது. ஜெர்மனியில் ஹரால்ட் வெல்ட்டே என்னும் நிரலர் சைட்காம் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில் மியூனிக் நீதிமன்றம் 2004 மே மாதம் உரிமம் செல்லுபடியாகும் என்று தீர்ப்பளித்தது. உரிமம் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது என்பது அதனைச் செல்லாததாக்காது, கணிப்பொறித் தொழிலில் ஆங்கிலம் வழக்கிலுள்ள துறைமொழியே என்று அத்தீர்ப்பு கூறிற்று. வணிக நிறுவனத்துக்கு இது பொருந்தலாம். எளிய பயனாளருக்கும் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. ஐரோப்பிய ஒன்றியம் தன் பொதுமக்கள் உரிமத்தை 20க்கும் மேற்பட்ட மொழிகளில் வெளியிட்டு, எல்லா மொழி வடிவங்களுக்கும் ஒத்த மதிப்பு அளித்திருப்பது இதற்கு நேர்மாறான வழி. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையோ, ஒரு பெயர்ப்புப் பிழை உலகெங்குமுள்ள நிரல்களைப் பாதிக்கும் என அஞ்சி, எந்த மொழிபெயர்ப்பையும் அதிகாரமுடையதாக ஏற்பதில்லை. மொழிபெயர்ப்பாளர்மீது நம்பிக்கையின்மை என்று இதனைக் கொள்ள வேண்டியதில்லை. பெயர்ப்பின் வலிமையை உணர்ந்த அச்சம் எனலாம்.

மூலம் முழுவதையும் தந்தும் எழுந்த பூசலே மிகவும் நுட்பமானது. ரெட் ஹாட் நிறுவனம் முன்னர்த் தன் வணிக லினக்ஸின் கெர்னல் மூலத்தை, முதல் வடிவம் தனியாகவும் தான் செய்த திருத்தங்கள் தனித்தனிக் கோப்புகளாகவும் வழங்கிவந்தது. ஆறாம் பதிப்பில் எல்லாவற்றையும் கலந்து ஒரே தொகுப்பாக வழங்கத் தொடங்கிற்று. 2011இல் இதுபற்றிக் கேள்வி எழுந்தபோது, தன் வாடிக்கையாளருக்குப் போட்டியாகச் சேவை விற்போரின் வேலையைக் கடினமாக்குவதே நோக்கம் என்று நிறுவனம் மறைக்காமல் கூறியது. பதிப்பியலார் இதனை எளிதில் உணர்வர். ஏடுகளை ஒப்புநோக்கிய ஒருவர், பாடவேறுபாடுகளையும் அவற்றின் காரணங்களையும் நீக்கி, தாம் கொண்ட பாடத்தை மட்டும் அச்சிட்டது போன்றது அது. பாடம் முழுமையாகவே உள்ளது. ஆயினும் எவ்வெழுத்து எவ்வேட்டினது என்று அறிய வழியில்லை. மாற்றப்பட்ட கோப்புகளில் மாற்றத்தையும் நாளையும் குறிக்கவேண்டும் என்று உரிமம் விதித்ததும் இடைச்செருகலை அடையாளம் காணும் பொருட்டே. அந்நிறுவனத்து நிரலரே திருத்தங்களைப் பிரித்துவைத்துத்தான் பணிபுரிகின்றனர் எனில், அவர்கள் விரும்பும் வடிவம் எது? வரையறையின் சொற்களைக் கொண்டு இரு தரப்பும் வாதாட இடமிருந்தது. எழுத்தளவில் நிறுவனம் உரிமத்துக்குள் நின்றது என்றே கொண்டாலும், வரையறையின் கருத்திலிருந்து விலகியது என்பது என் துணிபு.

2023 ஜூன் மாதம் அந்நிறுவனம் மேலும் ஒரு படி சென்றது. தன் வணிகப் பதிப்பின் மூலத்தைப் பொதுவில் வைப்பதை நிறுத்தி, சென்டோஸ் ஸ்ட்ரீம் என்னும் முன்னோட்ட வடிவத்தின் மூலத்தை மட்டும் பொதுவில் வைத்தது. விற்கும் பதிப்பின் மூலம் வாடிக்கையாளர்க்கு மட்டும் கிடைத்தது. பொறிவடிவம் பெற்றவருக்கே மூலம் தரவேண்டும் என்பதால் உரிமத்தின் எழுத்து இதற்கு இடம் தருகிறது. பெற்றவர் அதனைப் பிறர்க்கு வழங்கினால் சேவை ஒப்பந்தம் முறியலாம் என்பதே எதிர்ப்புக்கு உள்ளானது. பெறுவோர்மீது மேலும் கட்டுப்பாடு விதித்தல் ஆகாது என்று உரிமம் கூறுவதால், கட்டுப்பாடு என்னும் சொல் வணிக உறவை முறிப்பதையும் அடக்குமா என்பது வினாவாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் ஆரக்கிள், சூசே, சி.ஐ.க்யூ. ஆகிய மூன்றும் சேர்ந்து மூலத்தைப் பொதுவில் வழங்க ஓர் அமைப்பைத் தோற்றுவித்தன.

தமிழில் மூல நிரல் என்னும் தொடர் நிலைபெற்றுவிட்டது. அதனை மாற்றப் புகுவது வீண்முயற்சி. ஆனால் உரிமங்களைத் தமிழாக்குவோர் மூலத்தை வழங்குக என்று மட்டும் எழுதினால், முதலாசிரியர் எழுதியதைத் தந்தால் போதும் என்று படிப்போர் கொள்ள இடமுண்டு. வரையறை வரும் இடத்தில் திருத்துவதற்கு விரும்பப்படும் வடிவம் என்றும், கடமை கூறும் இடங்களில் வழங்கப்பட்ட வடிவத்துக்கு நேரான மூல நிரல் என்றும் விரித்தெழுதுவது, தொடர் நீண்டாலும், இவ்வையத்தைத் தவிர்க்கும்.