கரமனை ஆறும் தலைநகரும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலத்திற் குடியேறும் தமிழர், முதலில் அவ்வூரின் மொழியைக் கற்கிறார். பின்னர்க் கடைத்தெருவை அறிகிறார். ஆனால், தாம் நாள்தோறும் பருகும் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று கேட்பவர் சிலரே. திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவிலும் கரமனைத் தெருக்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நம்மவருக்கும் இது பொருந்தும். ஆகவே இன்று அந்நகரத்துத் தண்ணீரின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

நெல்லைச் சீமையை வாழ்விக்கும் தாமிரவருணி பொதிகையின் கிழக்குச் சரிவிற் பிறப்பது யாவரும் அறிந்ததே. அம்மலைத் தொடரின் மேற்குச் சரிவிலே பிறப்பது கரமனை ஆறு. ஆகவே, திருவனந்தபுரத்திற் குடியேறிய திருநெல்வேலிக்காரர் மலையைத்தான் தாண்டினாரேயன்றி, அதன் தண்ணீரைவிட்டு நீங்கினாரல்லர்.

முற்காலத்தில் நகர மக்கள் கிணறுகளையும் குளங்களையுமே நம்பியிருந்தனர். 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது நகரின் மக்கள் தொகை ஒரு லட்சத்திற்குச் சற்றுக் குறைவே. ஆயினும் கிணற்று நீர் போதவில்லை. அதன் தூய்மையையும் நம்புவதற்கில்லை. எனவே நகருக்கு வடகிழக்கே அருவிக்கரையிற் கரமனை ஆற்றைத் தடுத்து, குழாய் வழியே வெள்ளையம்பலத்திற்குக் கொணர்ந்து, வடிகட்டி வழங்கும் திட்டம் உருவாயிற்று. 1933ஆம் ஆண்டு டிசம்பரில், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், அது தொடங்கிவைக்கப்பட்டது. அன்றைய வைசிராய் வில்லிங்டன் பிரபுவின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

நகரம் வளர்ந்தது. 1940இல் அது மாநகராட்சியாயிற்று. 1956இல் கேரள மாநிலத்தின் தலைநகராயிற்று. அருவிக்கரைத் தேக்கம் போதாமற் போகவே, ஆற்றின் மேற்பகுதியிற் பேப்பாறை அணை எழுந்தது. 1983ஆம் ஆண்டில் அதனைச் சூழ்ந்த காடு, ஏறத்தாழ 53 சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய வனவிலங்குப் புகலிடமாக்கப்பட்டது. காடு மழை நீரை மண்ணுக்குள் இறக்கிச் சிறிது சிறிதாக ஆற்றுக்கு விடுகிறது. காடழிந்தால் மழைக்காலத்தில் வெள்ளமும் வண்டலும், கோடையில் வறட்சியுமே மிஞ்சும். அக்காட்டிலே காணிக்காரர் நெடுங்காலமாக வாழ்கின்றனர். நகரத்தின் குழாயில் நீர் வற்றாதிருக்க அவர்கள் வனச்சட்டத்தின் கட்டுப்பாடுகளை ஏற்று வாழவேண்டியிருக்கிறது என்பதை நகரத்தார் நினைப்பதுண்டோ?

ஆற்றிலிருந்து நீரைப் பெற்ற நகரம், கிராமத்திற்கு எதைத் திருப்பிக் கொடுத்தது? இதற்கு விடை விளப்பில்சாலையிற் கிடைக்கும். 2000ஆம் ஆண்டில் நகரின் குப்பையைப் பதப்படுத்தி எருவாக்கும் நிலையம் அக்கிராமத்தில் நிறுவப்பட்டது. நோக்கம் நன்றே. ஆனால் வந்து குவிந்த குப்பைக்கு நிலையம் ஈடுகொடுக்கவில்லை. கழிவு நீர் ஓடையில் இறங்கிக் கரமனை ஆற்றை நோக்கிச் சென்றது. கிணறு கெட்டது, காற்று நாறுகிறது என்று ஊரார் முறையிட்டனர். 2011 டிசம்பரில் விளப்பில் ஊராட்சி நிலையத்தைப் பூட்டியது. நகரத் தெருக்களிற் குப்பை மலிந்தது. வழக்கு உயர்நீதிமன்றத்தை எட்டியது. 2012 பிப்ரவரியிற் காவலர் துணையுடன் குப்பை வண்டிகள் புறப்பட்டபோது, ஆண்களும் பெண்களுமாக ஆயிரக்கணக்கானோர் சாலையை அடைத்து நின்றனர். வண்டிகள் திரும்பின. நிலையம் மீண்டும் இயங்கவேயில்லை.

இதில் யார் பக்கம் நியாயம்? லட்சக்கணக்கானோர் வாழும் நகரிற் குப்பையை அகற்றாவிடில் நோய் பரவும் என்ற மாநகராட்சியின் கவலை பொய்யன்று. எனினும், தான் உண்டாக்கிய அழுக்கைத் தனக்கு வாக்களிக்காத ஊரார்மேற் சுமத்த நகரத்திற்கு உரிமையேது? கிராமத்தார் தம் கிணற்றுக்காகப் போராடினர். அதனால் ஆறும் காக்கப்பட்டது.

ஆயினும் கிராமத்தாரின் விருப்பமும் ஆற்றின் நலமும் எப்போதும் ஒன்றுபட்டிருக்கும் என்று கொள்ளலாகாது. 2022ஆம் ஆண்டில் நெய்யாறு, பேப்பாறைப் புகலிடங்களைச் சுற்றிச் சூழல் பாதுகாப்பு மண்டலம் வகுக்கும் வரைவு அறிவிப்பு வெளியானபோது, அம்பூரி முதலிய மலையோர ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது. வீடு கட்டவும் ரப்பர் வெட்டவும் தடை வருமோ என்று அவ்வூரார் அஞ்சினர். அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது எளிது, அது முறையன்று. காட்டைக் காப்பதன் பயன் முழு நகரத்திற்கும் உரியதாயின், அதன் சுமை சில ஊர்களின் தலையில் மட்டும் விழலாமோ? முன்கூட்டிக் கலந்து பேசுவதும், இழப்புக்கு ஈடு தருவதுமே நேர்மையாகும்.

விளப்பில்சாலைக்குப் பின்னர் நகரம் ஒரு பாடம் கற்றது. சமையலறைக் கழிவை வீட்டிலேயே எருவாக்கும் கலங்களும், தெருவோரத்தில் தும்பூர்மூழி முறைக் கூண்டுகளும் வந்தன. மக்காத குப்பையைப் பெண்கள் குழுவினர் வீடு வீடாகச் சென்று சேகரிக்கலாயினர். குறைகள் இல்லாமலில்லை, ஆனால் அழுக்கை அடுத்த ஊருக்கு ஏற்றியனுப்புவதே வழி என்னும் எண்ணம் தளர்ந்தது. 2017ஆம் ஆண்டுக் கோடையிற் பேப்பாறை வற்றத் தொடங்கியபோது, நெய்யாற்று நீரை இறைத்து அருவிக்கரைக்குக் கொணர நேர்ந்தது. ஓர் ஆற்றைப் பேணத் தவறினால் மற்றோர் ஆற்றின் கரையிலுள்ள உழவரிடம் கையேந்த வேண்டிவரும் என்பதை அக்கோடை உணர்த்தியது.

வந்த ஊரைச் சொந்த ஊராகக் கொள்வது தமிழரின் பழைய பண்பு. அவ்வாறு கொள்வோர், குழாயைத் திறக்கும்போது மலைமேல் வாழும் காணிக்காரரையும், குப்பையை வாசலில் வைக்கும்போது விளப்பிலில் சாலையை அடைத்து நின்றோரையும் ஒருகணம் நினைப்பது நன்று. ஊரின் மொழியைக் கற்பதுபோல, அதன் ஆற்றுக்கு நாம் பட்டிருக்கும் கடனை அறிவதும் குடியேறியவர் கடமையே.