அறிவியலைத் தமிழில் எழுதிய வழக்கறிஞர்



தமிழில் அறிவியல் எழுதியவர் யாரெனக் கேட்டால், பலரும் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ தந்த சுஜாதாவையே நினைவுகூர்வர். அவருக்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னரே அப்பணியைத் தொடங்கியவர் பெ. நா. அப்புசுவாமி. எங்கள் லூனாஸ் வட்டாரத்தில் இப்பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

திருநெல்வேலிச் சீமையின் பெருங்குளத்தில் 1891இல் பிறந்த அவர், தொழிலால் வழக்கறிஞர். நாவலாசிரியர் அ. மாதவையாவும் அவ்வூரினரே. மாதவையாவின் தூண்டுதலால் 1917இல் ‘தமிழர் நேசன்’ இதழில் எழுதத் தொடங்கிய அப்புசுவாமி, 1986இல் மறையும்வரை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. ‘அற்புத உலகம்’, ‘மின்சாரத்தின் விந்தை’, ‘வானொலியும் ஒலிபரப்பும்’ என அவர் நூல்களின் பெயர்களே இளையோரை அழைப்பவை. வழக்கைப் படிப்படியாக எடுத்துரைக்கும் பழக்கம் அவர் எழுத்துக்குத் துணைநின்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று பயிற்சிக் கழகத்தில் நாம் படித்ததும் அதுதானே!

மருத்துவத்தில் இம்முயற்சி இன்னும் பழையது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியல் பெருநூல் ஒன்று 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழில் வெளிவந்தது. 1875இல் வந்த வேதியியல் நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’. இன்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆயினும் சொல் இல்லையென அவர் பாடத்தை நிறுத்தவில்லை.

நம் நாட்டில் 2003இல் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின. அவ்வாண்டுகளில் பயின்றோர்க்கு ‘ஒளிச்சேர்க்கை’ என்ற சொல் வகுப்பறையில் காதில் விழ வாய்ப்புக் குறைந்தது. 2011இல் முதலாம் ஆண்டிலிருந்து தாய்மொழி படிப்படியாகத் திரும்பியது. அன்றைய மாணவர் சிலர் இன்று பெற்றோர். பிள்ளையின் அறிவியல் பாடத்தில் உதவ முடியவில்லை என அவர்கள் என்னிடம் வருந்துவதுண்டு. 2016இல் தொடங்கிய இருமொழிப் பாடத் திட்டத்திற்குப் பெற்றோரின் இசைவு தேவை. அப்படிவத்தில் கையொப்பமிடுமுன் பிள்ளையின் தமிழ் அறிவியல் பாடநூலை ஒருமுறை புரட்டிப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.