பதினெட்டு வயதில் ஒரு பெயர்

விந்து தானம் என்ற தலைப்பைப் பார்த்தவுடன் சிலருக்குச் சிரிப்பு வரும், சிலர் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். உண்மையில் இது மூன்று பேர் சம்பந்தப்பட்ட ஒரு ஒப்பந்தம். தானம் தருபவர் கையெழுத்துப் போடுகிறார். பெற்றோர் ஆகப் போகிறவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். மூன்றாவது ஆள் கையெழுத்துப் போடவில்லை, ஏனென்றால் அவர் இன்னும் பிறக்கவே இல்லை! ஒப்பந்தத்தில் சேராதவரை ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது என்று வணிகச் சட்ட வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அப்படியானால் அந்த மூன்றாவது ஆள் வளர்ந்து வந்து "அந்த மனிதர் யார்?" என்று கேட்டால்? இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் முதல் பதில் வர நூறு வருடம் ஆனது.

கதை 1884ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் தொடங்குகிறது. ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் பான்கோஸ்ட்டிடம் ஒரு பணக்கார வியாபாரியும் மனைவியும் குழந்தை இல்லை என்று வந்தார்கள். பரிசோதித்ததில் குறை கணவரிடம். பேராசிரியர் என்ன செய்தார் தெரியுமா? மனைவிக்கு மயக்க மருந்து கொடுத்து, வகுப்பிலேயே அழகான மாணவன் என்று கருதப்பட்டவனின் விந்தைச் செலுத்திவிட்டார். மனைவியிடம் கேட்கவில்லை. கணவனிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பிறகு கணவனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்ல, அவர் கோபப்படவில்லை. மனைவிக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆண் குழந்தை பிறந்தது. அறையில் இருந்த மாணவர்கள் வாயைத் திறக்கவில்லை. 25 வருடம் கழித்து, 1909ல், அவர்களில் ஒருவரான ஆடிசன் டேவிஸ் ஹார்ட் என்பவர் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்தில்தான் எல்லாம் வெளிவந்தது. அந்த மகனை நேரில் பார்த்துக் கை குலுக்கியதாகவும் ஹார்ட் எழுதியிருந்தார். அந்த "அழகான மாணவன்" ஹார்ட்டேதானோ என்று சந்தேகப்படுபவர்கள் இன்றும் உண்டு.

இதில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று கவனியுங்கள். மருத்துவருக்கு எல்லாம் தெரியும். கணவனுக்குப் பாதி தெரியும். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் தெரியாது. அடுத்த பல பத்தாண்டுகள் இந்த வரிசை பெரிதாக மாறவில்லை.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த ரகசியம் ஒரு முறையாகவே ஆகிவிட்டது. சில மருத்துவர்கள் கணவனின் விந்தையும் தானமாக வந்ததையும் கலந்து செலுத்தினார்கள், "ஒருவேளை நம் குழந்தையாகவும் இருக்கலாம்" என்று தம்பதி நம்பிக்கொள்ளட்டும் என்று. பிரசவத்துக்கு வேறு மருத்துவரிடம் போகச் சொன்னவர்களும் உண்டு. விஷயம் தெரியாத அவர், பிறப்புச் சான்றிதழில் கணவனின் பெயரை மனசாட்சி உறுத்தாமல் எழுதலாம் அல்லவா! பதிவேடு வைக்காமல் இருப்பதே நல்ல பழக்கம் என்று கருதப்பட்டது. 1979ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், தானம் தந்தவரைப் பற்றிய நிரந்தரப் பதிவு வைத்திருந்த மருத்துவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம்தான். ரசீதே போடாமல் கடை நடத்தினால் பிறகு தணிக்கைக்கு எதைக் காட்டுவது?

ரசீது இல்லாததன் விலை லண்டனில் தெரிந்தது. டாக்டர் மேரி பார்ட்டன் 1940களில் இருந்து அங்கே இந்தச் சிகிச்சையை நடத்தி வந்தார். பதிவேடுகள் அழிக்கப்பட்டன. அங்கு உருவான பிள்ளைகளில் சிலர், கனடாவின் ஆவணப்பட இயக்குநர் பாரி ஸ்டீவன்ஸ் உட்பட, நடு வயதில் மரபணுச் சோதனை செய்து தேடியபோது, பலருக்கும் தந்தை ஒரே ஆள் என்று தெரிந்தது. பார்ட்டனின் கணவர் பெர்டோல்ட் வீஸ்னர்! அவருக்கு இப்படிப் பிறந்தவர்கள் சில நூறு பேர் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

பெற்றோர் ஏன் மறைத்தார்கள் என்பதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. ஆண்மைக்கும் குழந்தைப் பேற்றுக்கும் ஊர் போடும் முடிச்சு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்தது. சட்டமும் பயமுறுத்தியது. 1954ல் இல்லினாய் மாநில நீதிமன்றம் ஒன்று, கணவன் சம்மதித்தாலும் இது கள்ள உறவுதான், குழந்தை முறைகேடாகப் பிறந்ததுதான் என்று தீர்ப்பளித்தது. 1948ல் இங்கிலாந்தில் கேன்டர்பரி பேராயர் அமைத்த குழு இதைக் குற்றமாகவே அறிவிக்கச் சொன்னது. இந்த நிலையில் எந்தத் தாய் பிள்ளையிடம் வாய் திறப்பாள்? தானம் தந்தவருக்கோ வேறு பயம். பெரும்பாலும் மருத்துவ மாணவர்கள், கைச்செலவுக்குக் காசு கிடைக்கிறது என்று வந்தவர்கள். இருபது வருடம் கழித்துக் கதவைத் தட்டி "அப்பா" என்று யாரும் நிற்கக்கூடாது, ஜீவனாம்சம் கேட்கக்கூடாது. ஆக இரண்டு தரப்புக்கும் ரகசியம் லாபம். நஷ்டக் கணக்கு முழுவதும் மூன்றாவது ஆளின் பெயரில் எழுதப்பட்டது.

அதை முதலில் மாற்றியது ஸ்வீடன். வடக்கே ஹப்பராண்டா என்ற சின்ன ஊரில் ஒரு தம்பதி, கணவன் சம்மதத்துடன் விந்து தானத்தில் குழந்தை பெற்றார்கள். பிறகு விவாகரத்து. "நான் இந்தக் குழந்தையின் தந்தை இல்லை" என்று கணவன் வழக்குப் போட்டார். 1983ல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தும் விட்டார். விளைவு, ஒரு குழந்தை சட்டப்படி தந்தையில்லாமல் நின்றது. ஏற்கனவே இது பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த அரசுக் குழு, தத்துப் பிள்ளைகளின் அனுபவத்தை எடுத்துக்கொண்டு யோசித்தது. தத்துப் பிள்ளைக்குத் தன் பிறப்பைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டென்றால் இந்தப் பிள்ளைக்கு ஏன் இல்லை? 1985 மார்ச் 1 முதல் புதிய சட்டம் அமலுக்கு வந்தது. சம்மதித்த கணவனே சட்டப்படி தந்தை. தானம் தந்தவரின் விவரத்தை மருத்துவமனை 70 வருடம் காக்க வேண்டும். போதிய பக்குவம் அடைந்தவுடன் பிள்ளை அவர் பெயரைக் கேட்டுப் பெறலாம். உலகிலேயே இப்படி ஒரு சட்டம் அதுவே முதல்.

"இனி எவனும் தானம் தர வரமாட்டான்" என்று மருத்துவர்கள் கூச்சல் போட்டார்கள். ஆரம்பத்தில் எண்ணிக்கை குறைந்தது உண்மை. பிறகு மெல்ல ஏறியது, ஆனால் வந்தவர்கள் வேறு மாதிரி. வயதில் மூத்தவர்கள், கல்யாணமானவர்கள், சொந்தப் பிள்ளைகள் உள்ளவர்கள் அதிகம் வந்தார்கள். பெயர் வெளியே போகும் என்று தெரிந்தே வருபவரின் மனநிலை வேறு அல்லவா?

சட்டம் யாரை எதிர்பார்த்ததோ அவர்கள்தான் காலை வாரினார்கள். தானம் தருபவர்கள் அல்ல, பெற்றோர்! 2000ல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றின்படி, புதிய சட்டத்துக்குப் பின் இப்படிக் குழந்தை பெற்றவர்களில் பத்தில் ஒருவர்தான் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லியிருந்தார்கள். அதைவிட வேடிக்கை, பாதிக்கு மேற்பட்டவர்கள் வேறு யாரிடமோ சொல்லியிருந்தார்கள். அதாவது அத்தைக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. இன்னும் சிலர் பெயர் தேவையில்லாத டென்மார்க்குக்கே போய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள். கேட்கும் உரிமை பிள்ளைக்கு இருக்கிறது. கேட்க ஏதோ இருக்கிறது என்பதே தெரியாவிட்டால் அந்த உரிமையை வைத்து என்ன செய்வது?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. 2010 முதல் அங்கே, இப்படிப் பிறந்தவர் 18 வயதுக்குப் பின் பிறப்புச் சான்றிதழ் கேட்டால், "உங்களைப் பற்றி இன்னும் தகவல் உள்ளது" என்று ஒரு துணைத்தாளும் சேர்ந்து வரும். தபால்காரர் சொல்லிவிடுவதற்குமுன் பெற்றோரே சொல்லிவிடுவது மேல் என்ற கணக்கு. கொஞ்சம் கொடூரமான வழிதான், ஆனால் வேலை செய்யும் வழி.

அங்கேயே இன்னொரு சட்டத்தை நரேல் சட்டம் என்கிறார்கள். நரேல் கிரெச் என்ற பெண் குடல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டவர். தன் பிறப்புக்குக் காரணமானவர் யார் என்று வருடக்கணக்கில் தேடி, இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவரைச் சந்தித்தார். 2013ல் 30 வயதில் இறந்தார். 2017 மார்ச் 1 முதல், எந்த வருடம் நடந்த தானமாக இருந்தாலும், பதிவு இருந்தால் பெயரைத் தரலாம் என்றது சட்டம். ரகசியம் காப்போம் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய பழைய தானங்களுக்கும் இது பொருந்தும். வாக்குக் கொடுத்தது மருத்துவமனை, உடைத்தது அரசு! இதில் அந்த ஆண்களின் கோபத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. அதனால் ஒரு சமரசம் செய்தார்கள். பெயர் போகும், ஆனால் கடிதம் மட்டும் போதும், சந்திப்பு வேண்டாம், தொடர்பே வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுக்கலாம். அதை மீறினால் அபராதம்.

சரி, பிள்ளைகளுக்கு என்னதான் வேண்டும்? சொத்தா, அப்பாவா? அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் உள்ள ஒரு விந்து வங்கி, 1983 முதலே, 18 வயதானால் பெயர் தருவோம் என்ற ஏற்பாட்டை எந்தச் சட்டமும் கேட்காமல் தானாகவே வைத்திருந்தது. அங்கு பிறந்த, 12 முதல் 17 வயது வரையிலான 29 பேரிடம் கேட்ட ஆய்வு 2005ல் வந்தது. பெரும்பாலோர் பெயரைக் கேட்கப் போவதாகச் சொன்னார்கள். காரணம், அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். புது அப்பா தேடியவர்கள் மிகச் சிலர். கதவைத் தட்டப் போகிறான் என்று ஒருவர் பயந்தார். வந்தவனோ மூக்கு யாருடையது என்று பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தான்.

பிரிட்டன் 1991 ஆகஸ்டில் தேசியப் பதிவேட்டைத் தொடங்கியது, ஆனால் பெயரைப் பூட்டியே வைத்தது. 2002ல் ஜோனா ரோஸ் என்பவர் தொடுத்த வழக்கில், ஒருவர் தன் பிறப்பைப் பற்றிய தகவலைத் தேடுவது அவருடைய அந்தரங்க வாழ்வுரிமையோடு சம்பந்தப்பட்டது என்று உயர் நீதிமன்றம் ஏற்றது. 2005 ஏப்ரல் 1 முதல் தானம் தருபவர்களுக்கு மறைப்பு இல்லை என்று விதி மாறியது. அந்த விதிப்படி பிறந்த முதல் பிள்ளைகள் 2023 கடைசியில் 18 வயதைத் தொட்டார்கள். விண்ணப்பம் போட்டால் பெயரும் கடைசியாகப் பதிவான முகவரியும் கிடைக்கும். 1991க்கும் 2005க்கும் நடுவில் வந்த தானங்களால் பிறந்தவர்களுக்கு உயரம், கண்ணின் நிறம் மாதிரி விவரங்கள் மட்டும்தான். அந்தக் காலத்தில் தானம் தந்தவர் விரும்பினால், தானே திரும்பி வந்து பெயரைத் திறந்துவிடலாம். அப்படிச் சிலர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டும் போயிருக்கிறார்கள், காசுக்காக இல்லாமல்.