நாற்பதைத் தாண்டிய பிறகு வேலை: தருமபுரி மாவட்டத்தில் திறந்திருக்கும் வழிகள்

திங்கட்கிழமை அதிகாலையில் தருமபுரி பேருந்து நிலையத்தில் நின்றால், பெங்களூருக்கும் ஓசூருக்கும் போகும் பேருந்துகளில் இடம் பிடிக்க ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். அவர்களில் பலர் இளைஞர்கள் அல்லர். கட்டட வேலை, ஹோட்டல், கார்மெண்ட்ஸ், காவலாளி வேலை என்று இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஓடியவர்கள். முட்டி வலிக்கிறது, சர்க்கரை வந்துவிட்டது, மேஸ்திரி இளையவர்களைக் கூப்பிடுகிறார். பிள்ளைகளோ இன்னும் படிப்பை முடிக்கவில்லை. வளைகுடாவிலிருந்து விசா முடிந்து திரும்பிய நம் சகோதரர்களின் நிலையும் இதுதான். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும்போது நம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "இந்த வயசுல இனி என்ன பாய் செய்யறது?" என்பது. அதற்கு இயன்ற வரை தெளிவாகப் பதில் சொல்லவே இந்தக் கட்டுரை.

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி இவ்வளவு கடுமையாக எழுவதற்குக் காரணம் உண்டு. 1965 அக்டோபர் 2-ல் சேலத்திலிருந்து பிரிந்து உருவானது தருமபுரி மாவட்டம். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூரின் தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் போய்விட்டன. நம்மிடம் மிஞ்சியவை பாலக்கோடு, அரூர் பகுதிகளின் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள், மாந்தோப்பு, தக்காளி, புளி, பட்டுக்கூடு ஆகியவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 15 இலட்சம்; எழுத்தறிவு சுமார் 68.5 சதவீதம், தமிழகத்திலேயே கடைசி இடம். இந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே சொல்லப்போகும் ஏறக்குறைய எல்லா வாசல்களிலும் முதலில் கேட்கப்படுவது ஒரு சான்றிதழ்தான்.

எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும்

வேலை மாற நினைப்பவர் முதலில் கடன் விண்ணப்பத்தைத் தேடுகிறார். நம் அனுபவத்தில் முதலில் தேட வேண்டியது பழைய மாற்றுச் சான்றிதழை (டி.சி.). ஏழாவதோடு நின்றவர், எட்டாவதோடு நின்றவர், பத்தாவதில் ஒரு பாடத்தில் தவறியவர் என்று மூன்று வகையினர் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். மூவருக்கும் வழி உண்டு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புக்குத் தனித்தேர்வர் தேர்வு நடத்துகிறது. அதற்குக் குறைந்தபட்ச வயது உண்டே தவிர, ஐம்பது வயதானாலும் எழுதலாம். பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். இதைத் தவறவிட்டு ஓர் ஆண்டை இழப்பவர்கள் அதிகம். பத்தாவது தேறியவர் மேல்நிலைத் தேர்வையும் தனித்தேர்வராக எழுத முடியும்.

மகனோடு சேர்ந்து தேர்வு மையத்தில் உட்கார வெட்கமாக இருக்கிறது என்று சொன்ன சகோதரரை நாம் அறிவோம். அவர் எழுதித் தேறினார். வெட்கம் மூன்று மணி நேரம்தான்.

பத்தாவது தேறுவதால் இன்னொரு பயனும் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட் பொதுவாகக் குடியகல்வு அனுமதி தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. தேறியவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

அரசு வேலைக்கு வயது முடிந்துவிட்டதா?

இதைத்தான் நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஏனென்றால் நம் சமுதாயத்தில் மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட விஷயம் இது. "முப்பத்தஞ்சு தாண்டிடுச்சு, இனி கவர்மெண்ட் வேலை இல்லை" என்று பலரும் சொல்கிறார்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில், பெரும்பாலான பதவிகளுக்குப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்கள் உள்ளிட்ட பிரிவினருக்கு வயது வரம்பு உண்டு என்பது உண்மை. ஆனால் அந்தப் பிரிவினர் பத்தாம் வகுப்பைவிட உயர்ந்த பொதுக் கல்வித் தகுதி பெற்றிருந்தால், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பதவிகளுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அங்கே நம் பிரிவினருக்கு 42 வயது வரை. பட்டதாரிகளுக்கான குரூப் 2, 2ஏ தேர்வுகளின் பெரும்பாலான பதவிகளுக்கும் நம் பிரிவினருக்கு உச்ச வயது இல்லை. தமிழக அரசில் ஓய்வு வயது 60. நாற்பத்தைந்தில் சேர்ந்தாலும் பதினைந்து ஆண்டு பணி இருக்கிறது.

2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. சாதிச் சான்றிதழில் இந்தப் பிரிவு சரியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் இங்கே தேவை. பத்தாவது, மேல்நிலை, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். மேல்நிலை எழுதாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் அரசுப் பணிக்கு உதவாது. அடுத்தது தமிழ். குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுத்தால்தான் விடைத்தாளின் மற்ற பகுதி கணக்கில் வரும். வீட்டில் உருது பேசி வளர்ந்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் நிறைய. தமிழ் பேச வரும், இலக்கணம் வராது என்ற நிலையில் இருப்பவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள தமிழ்ப் பாடநூல்களை முதலில் முடிக்க வேண்டும். போட்டியும் சாதாரணமில்லை. பல இலட்சம் பேர் எழுதுகிறார்கள். இருக்கும் வேலையை விட்டுவிட்டு இதற்குப் படிக்க உட்காருவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

கணவரை இழந்து ஆதரவின்றி இருக்கும் சகோதரிகளுக்குக் கோட்டாட்சியர் தரும் ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் இத்தகைய தேர்வுகளில் தனி முன்னுரிமையும் வயதுச் சலுகையும் பெற்றுத் தரும். சான்றிதழ் கிடைக்க அலைய வேண்டியிருக்கும், அலையலாம்.

கைத்தொழில் கற்க

அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் ஆண்களுக்கு 40 வயது வரை சேர்க்கை உண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை என்பது நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. ஓர் ஆண்டு முழுக்க உட்கார்ந்து படிக்க முடியாதவர்களுக்கு வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் பொருத்தம். கைப்பேசி பழுது, இருசக்கர வாகனப் பழுது, தையல், ஆடு வளர்ப்பு போன்றவற்றைச் சில வாரங்களில் இலவசமாகக் கற்றுத் தருகிறார்கள், சாப்பாடும் உண்டு. நாற்பத்தைந்து வயதை நெருங்குகிறவர்கள் தள்ளிப்போடாமல் சேர்ந்துவிட வேண்டும்.

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் தனியார் துறை முகாம்களைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே கட்டணம் கிடையாது. ஆனால் வரும் நிறுவனங்களில் பெரும்பாலானவை இளைஞர்களைத்தான் தேடுகின்றன. ஓட்டுநர், கிடங்குப் பொறுப்பு, மருத்துவமனை உதவியாளர், தையல் மேற்பார்வை போன்ற வேலைகளில்தான் வயதும் அனுபவமும் மதிக்கப்படுகின்றன. முகாமுக்குப் போகும்போது சான்றிதழோடு, முன்பு வேலை செய்த இடத்தில் வாங்கிய அனுபவக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

ஊரிலேயே இருக்கும் ஒரு தொழில்

சொந்த நிலமும் கொஞ்சம் தண்ணீரும் உள்ளவர்கள் பட்டுப்புழு வளர்ப்பைக் கவனிக்கலாம். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு மாநிலத்தில் தனிப் பெயர் உண்டு. விற்பதற்காக வெளியூர் ஓட வேண்டியதில்லை. ஏலத்தில் கூடு போகும். மல்பெரி நட்டு இலை பறிக்கும் நிலைக்கு வர சில மாதங்கள் ஆகும். அதன் பிறகு, இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து புழு வாங்கினால் மூன்று வாரங்களுக்குள் கூடு கட்டிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை காசு பார்க்கும் மாந்தோப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். பளு தூக்கும் வேலை இல்லை, வீட்டுப் பெண்களும் சேர்ந்து செய்யலாம். ஆனால் புழு தின்னும் கடைசி நாட்களில் தூக்கம் கெடும். புழு மனைக்குள் ஊசி ஈ புகுந்தாலோ, வெயில் காலத்தில் சூடு ஏறினாலோ ஒரு தொகுதி முழுவதும் வீணாகும். பக்கத்துத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தாலும் ஆபத்து. கூட்டின் விலையும் ஏறி இறங்கும். மனை கட்டவும் செடி நடவும் பட்டு வளர்ச்சித் துறை மானியம் தருகிறது. நாம் சொல்வது, மனை கட்டுமுன் இரண்டு தொகுதியாவது வேறொருவரின் மனையில் கூட இருந்து பாருங்கள்.

வளைகுடாவில் சேர்த்த பணம் முழுவதையும் ஒரே மாதத்தில் கடை முன்பணத்திலும் அலங்காரத்திலும் போட்டுவிட்டு ஆறு மாதத்தில் பூட்டியவர்களை ஒவ்வொரு ஊரிலும் பார்க்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் முன்பின் செய்தறியாத வியாபாரத்தில் இறங்கியவர்கள். பிரியாணி மாஸ்டராக இருந்தவர் பிரியாணிக் கடை வைத்தது நின்றிருக்கிறது. அவரே துணிக்கடை வைத்தது நிற்கவில்லை.

முதலீடும் வட்டியும்

அரசின் கடன் திட்டங்களில் வயது ஒரு தடையே இல்லாதது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். 18 வயது நிறைந்தால் போதும். உற்பத்தித் தொழிலுக்கு 50 இலட்சம், சேவைத் தொழிலுக்கு 20 இலட்சம் ரூபாய் வரை. சிறுபான்மையினருக்குக் கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25 சதவீதம் மானியம். இந்த மானியம் கையில் தரப்படுவதில்லை. மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, பிறகுதான் கடனில் கழிக்கப்படும். தமிழக அரசின் படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டம் பெயரில் "இளைஞர்" என்று இருந்தாலும், சிறுபான்மையினர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 55 வயது வரை பொருந்தும். எட்டாவது தேறியிருக்க வேண்டும். இரண்டுக்கும் போக வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் வேறு மாதிரி. அதற்குக் குறைந்தபட்ச வயதே 35. தையல், தச்சு போன்ற 25 தொழில்களுக்கு 3 இலட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50 ஆயிரம் ரூபாய் மானியம். சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமான டாம்கோவின் தனிநபர் கடன் 60 வயது வரை உள்ளவர்களுக்கு உண்டு. கூட்டுறவு வங்கி வழியாகக் கிடைக்கும்.

இவை எல்லாமே வட்டியுள்ள கடன்கள். மானியம் இருக்கிறது என்பதாலோ, வட்டி குறைவு என்பதாலோ அந்தத் தன்மை மாறிவிடாது. இதில் ஒவ்வொருவரும் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவெடுக்கட்டும். வட்டி வேண்டாம் என்று ஒதுங்குகிறவருக்கு நம் ஜமாஅத்துகள் என்ன மாற்று வைத்திருக்கின்றன என்ற கேள்வியை மட்டும் நாம் கேட்கிறோம். பைத்துல்மால் உள்ள மஹல்லாக்களில் அது பெரும்பாலும் மருத்துவத்துக்கும் திருமணத்துக்கும் செலவாகிறது. ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு ஒரு தையல் இயந்திரமோ, பழுது பார்க்கும் கருவிப் பெட்டியோ வாங்கித் தருவது ஒரு திருமண உதவியைவிடக் குறைந்த தொகையில் முடியும். இலாபத்தில் பங்கு என்ற அடிப்படையில் உறவினர் முதல் போட, இவர் உழைக்கும் முறையும் இருக்கிறது. அதை வாய்ப்பேச்சில் விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாமல் விட்டதால் பிரிந்த அண்ணன் தம்பிகளை நாம் பார்த்திருக்கிறோம்.

பழைய வேலையை விடுமுன்

ஓசூரிலோ பெங்களூரிலோ கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் கவனிக்க வேண்டியது வருங்கால வைப்பு நிதி. அவசரத்துக்குப் பணம் என்று பி.எஃப்-ஐ எடுக்கும்போது, கூடவே ஓய்வூதியப் பகுதியையும் எடுத்துவிடுகிறார்கள். மொத்தம் பத்து ஆண்டுகள் சேவை இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. 50 வயதிலிருந்தே குறைத்து வாங்கவும் வழியுண்டு, ஆண்டுக்கு 4 சதவீதம் குறையும். ஏழு, எட்டு ஆண்டுகளில் வேலையை விட்டவர் பணத்தை எடுக்காமல் திட்டச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால், பின்னால் வேறு கம்பெனியில் செய்யும் சேவையோடு அது சேரும். வேலை மாறும்போதெல்லாம் புது எண் வாங்கியவர்கள் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் இணைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. கேட்காமல் வருபவர்களே நம்மில் அதிகம்.

மறுபடியும் வெளிநாடு போக நினைப்பவர்கள் பதிவு பெற்ற முகவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்க வேண்டும். முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் சட்டப்படி 30 ஆயிரம் ரூபாயும் அதற்கான வரியும்தான். 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆட்களை அனுப்புகிறது. ஒன்றரை இலட்சம் கேட்கிறவரிடம் முதலில் ரசீது கேளுங்கள்.