கை தூக்கியது யார்?

விருத்தாசலம் வட்டாரம் பீங்கானுக்குப் பேர்போனது. பக்கத்தில் பெண்ணாடத்தில் இருக்கும் என் அக்கா மகன், எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன், ஒருநாள் போன் பண்ணினான்.

"மாமா, ராத்திரியெல்லாம் சால்டர் பண்ணி ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு செஞ்சேன். கம்ப்யூட்டர்ல சொருகினா 'யூ.எஸ்.பி. டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு'ங்குது. திங்கட்கிழமை புராஜெக்ட் காட்டணும். போர்டு செத்துப்போச்சு!"

"செத்திருந்தா அந்த மெசேஜே வராதுடா. கதையைக் கேளு" என்றேன்.

1990-களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். பிரிண்டருக்கு ஒரு ஓட்டை, கீபோர்டுக்கு ஒன்று, மோடத்துக்கு இன்னொன்று. புதிதாக ஏதாவது மாட்டினால், அணைத்துவிட்டு மறுபடி எழுப்ப வேண்டும். பரோடாவில் படித்து, இன்டெலில் வேலை பார்த்த அஜய் பட்டுக்கு, வீட்டில் பிரிண்டரோடு நடந்த மல்லுக்கட்டே எரிச்சலூட்டியது. சுவரில் பிளக் சொருகுகிற மாதிரி இது ஏன் சுலபமாக இருக்கக்கூடாது? அவருடைய குழுவோடு மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். என ஏழு கம்பெனிகள் கைகோத்ததில், 1996 ஜனவரியில் யூ.எஸ்.பி. பிறந்தது. இன்டெல் இதற்கு ராயல்டி கேட்கவில்லை. பட்டுக்கும் ராயல்டி கிடையாது!

சுலபம் என்றா சொன்னேன்? 1998 ஏப்ரல் 20. சிகாகோ காம்டெக்ஸ் மேடை. பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, அவருடைய உதவியாளர் விண்டோஸ் 98-ல் ஒரு ஸ்கேனரைச் சொருகினார். திரை முழுக்க நீலம். கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அரங்கமே சிரித்தது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை போலும் என்று கேட்ஸும் சிரித்துச் சமாளித்தார்.

சொருகினதும் உள்ளே என்ன நடக்கிறது? கேபிளில் கரன்ட்டுக்கு இரண்டு கம்பி. பேச்சுக்கு டி-ப்ளஸ், டி-மைனஸ் என்று இரண்டு. சாதனம், 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் மூலம் பேச்சுக் கம்பி ஒன்றை மேலே இழுத்துப் பிடிக்கும். வகுப்பில் 'உள்ளேன் ஐயா' என்று கை தூக்குகிற மாதிரி. டி-ப்ளஸ் என்றால் விநாடிக்கு 12 மெகாபிட் பேச்சு. டி-மைனஸ் என்றால் நிதானமான 1.5 மெகாபிட். உடனே கம்ப்யூட்டர் 'நீ யார்?' என்று கேட்கும். சாதனம் 18 பைட்டில் தன் ஜாதகத்தை ஒப்பித்தாக வேண்டும். 1 முதல் 127-க்குள் அதற்கு ஒரு முகவரி எண் கிடைக்கும். இந்தப் பெயர்சூட்டு விழாதான் எனுமரேஷன்.

ஆக, சொருகியும் சத்தமே இல்லையென்றால், கை தூக்கவில்லை. கரன்ட்டையும் ரெசிஸ்டரையும் பார்க்கணும். 'நாட் ரெகக்னைஸ்டு' வந்தால், கை தெரிந்துவிட்டது, பதில்தான் புரியவில்லை.

"உன் சிப் என்னடா?"

"ஏ.டி.மெகா 8, மாமா. அதுல யூ.எஸ்.பி. கிடையாது. வி-யூ.எஸ்.பி. சாஃப்ட்வேர் போட்டிருக்கேன்."

வியன்னாக்காரர்கள் இலவசமாகத் தந்த அந்த சாஃப்ட்வேருக்கு 1.5 மெகாபிட் மட்டும்தான் பேசத் தெரியும். பையன் ரெசிஸ்டரை டி-ப்ளஸ்ஸில் வைத்திருந்தான்! கம்ப்யூட்டர் எட்டு மடங்கு வேகத்தில் கேள்வி கேட்டால், பாவம், சிப் என்ன செய்யும்?

ஒரு மணி நேரத்தில் மறுபடி போன். "மாமா, பேரைச் சொல்லிருச்சு!"

அவன் அப்பா பீங்கான் பட்டறைக்காரர். கோப்பையைச் சுண்டி, சத்தத்தை வைத்தே விரிசலைக் கண்டுபிடித்துவிடுவார். பையனும் இனிமேல் எர்ரர் மெசேஜைத் திட்டமாட்டான். காதுகொடுத்துக் கேட்பான்.