கொள்ளும் கடிவாளமும்: ஒரு வயிற்றுப்புண்ணின் வரலாறு

'கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்' என்பது நம் பழமொழி. தின்ன ஆசைப்பட்டு உழைக்க மறுப்பவரைக் குத்திக்காட்டச் சொல்வது. உழைக்க மறுப்பது குதிரையின் குணக்கேடு என்ற முடிவு அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஆனால் பந்தய லாயங்களில் வேறொரு வகைக் குதிரையும் உண்டு. அது கடிவாளத்துக்கு மட்டுமல்ல, கொள்ளுக்கும் வாய் திறக்காது. தானியத்தை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். வயிற்றுப் பட்டையை இறுக்கினால் பல்லைக் காட்டும். முந்தைய மாதம் ஓடிய வேகம் இந்த மாதம் இருக்காது. நெடுங்காலமாக இதற்கும் 'குணம்' என்றே பெயரிட்டு வந்தார்கள். அது குணமல்ல, புண் என்று தெரிய வந்தது 20ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

அந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் ஹாங்காங்கில் நிகழ்ந்தது. அங்கே குதிரை வளர்ப்பு என்று ஒன்று இல்லை. ஓடும் குதிரைகள் எல்லாம் வெளிநாடுகளிலிருந்து வருபவை. நெருக்கடி மிகுந்த அந்நகரில் அவற்றின் வாழ்க்கை லாயத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையே கழிகிறது. ஹேமண்ட், மேசன், வாட்கின்ஸ் ஆகிய மூவர் அங்கே இறந்த 195 பந்தயக் குதிரைகளின் இரைப்பைகளைத் திறந்து பார்த்து, 1986இல் தம் முடிவை வெளியிட்டனர். மொத்தத்தில் 66 சதவீதக் குதிரைகளுக்கு இரைப்பைப் புண் இருந்தது. பயிற்சியிலிருந்து நேராக வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் 80 சதவீதம். ஓய்வு பெற்று ஒரு மாதமேனும் கழிந்தவற்றில் 52 சதவீதம். ஒரே இனம், ஒரே ஊர். பெரிய வேறுபாடு பயிற்சி ஒன்றுதான். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஒரு தொழிலின் மீது எழுதப்பட்ட தீர்ப்பு என்றே வாசிக்கலாம்.

இறந்த குதிரையில் கண்டதை உயிருள்ள குதிரையில் காண நீண்ட உள்நோக்கிக் குழாய் தேவைப்பட்டது. வளர்ந்த குதிரையின் மூக்கிலிருந்து இரைப்பையை எட்ட ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளம் வேண்டும். அத்தகைய கருவி கிடைத்ததும் அமெரிக்காவில் மைக்கேல் மர்ரியும் அவருடைய சகாக்களும் 187 குதிரைகளை ஆராய்ந்தனர் (1989). வயிற்றுக்கோளாறின் அறிகுறி உள்ளவற்றில் 92 சதவீதத்துக்குப் புண் இருந்தது. அறிகுறியே இல்லாதவற்றிலும் 52 சதவீதத்துக்கு இருந்தது. அதாவது, பாதிக் குதிரைகள் சொல்லாமலேயே சுமந்துகொண்டிருந்தன.

ஏன் இப்படி? விடை குதிரையின் உடலமைப்பில் இருக்கிறது. புல்வெளியில் விடப்பட்ட குதிரை நாளில் சுமார் 16 மணி நேரம் மேய்கிறது. அதற்கேற்பவே அதன் இரைப்பை அளவில் சிறியது. எப்போதும் கொஞ்சம் நிறைந்திருக்கும்படி அமைந்தது. தீனி வந்தாலும் வராவிட்டாலும் அதில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கிறது. அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறுகிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதிக்குச் சளிப்படலம் என்னும் கவசம் உண்டு. மேல்பகுதியின் சுவர் உணவுக்குழாயின் சுவரைப் போன்றது. அமிலத்தைத் தாங்கும் வலு அதற்கில்லை. மென்ற புல் ஒரு மெத்தைபோல மேலே மிதந்து, கீழேயுள்ள அமிலம் மேலே தெறிக்காமல் காக்கிறது. புல்லை எடுத்துவிட்டால் கவசமும் போய்விடுகிறது.

மனிதன் செய்தது அதைத்தான். மேய்ச்சலுக்கு நேரம் வேண்டும். போருக்கும் பந்தயத்துக்கும் நேரமில்லை. எனவே புல்லைக் குறைத்துத் தானியத்தைப் பெருக்கினான். குதிரைப் பயிற்சி பற்றிக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல்களுள் ஒன்று, மித்தானி நாட்டைச் சேர்ந்த கிக்குலி என்பவருடையது. ஹித்தைத்துகளின் தலைநகரான ஹத்தூசாவில் களிமண் பலகைகளில் கிடைத்த அதிலேயே ஓட்டத்துக்கும் தீனிக்கும் நாள்வாரியாகக் கணக்கு இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பந்தயப் பயிற்சியாளர்கள் கற்றாழைச் சாற்றைக் கொடுத்துப் பேதியாக்கினார்கள். கம்பளி போர்த்தி ஓடவிட்டு வியர்க்க வைத்தார்கள். ஓட்டத்துக்கு முன் வைக்கோலைத் தின்றுவிடாதபடி வாய்க்கூடு கட்டினார்கள். வெறும் வயிறு இலேசான வயிறு என்பது அவர்கள் கணக்கு.

இவ்விடத்தில் நம் கடற்கரையையும் நினைத்துப்பார்க்கலாம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு அரபுக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் கப்பலில் வந்திறங்கின. ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். வறுத்த பார்லியும், வெண்ணெய் சேர்த்த தானியமும், காய்ச்சிய பாலும் ஊட்டி, நாற்பது நாள் முளையில் கட்டி வைத்துக் கொழுக்க வைத்தார்கள் என்பது அவருடைய வியப்பு. வெந்த சோறும் இறைச்சியும் தந்தார்கள் என்றும், ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மடிந்துவிடும் என்றும், குதிரை வைத்தியரை வணிகர்கள் திட்டமிட்டே வரவிடவில்லை என்றும் மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். இருவரும் வெளியிலிருந்து பார்த்தவர்கள், மிகைப்படுத்தல் இருக்கலாம். அக்குதிரைகள் இரைப்பைப் புண்ணால் மாண்டன என்று முடிவு கட்டுவதும் அறியாமையே. ஆயினும் கட்டிவைத்த குதிரை, செறிவான தீனி, அடுத்த கப்பலை எதிர்நோக்கும் வணிகன் என்ற மூன்றும் ஒருங்கே அமைவது தற்செயலன்று. செத்த குதிரைக்குப் பதில் புதிய குதிரை வரும்வரை, செத்ததற்கான காரணத்தை எவரும் தேடுவதில்லை.

காரணத்தைத் தேடும் வேலை 1990களில் முறைப்படி நடந்தது. ஒரு நாள் பட்டினி, ஒரு நாள் தீனி என மாற்றி மாற்றிச் செய்தபோது, சில நாள்களிலேயே இரைப்பையில் புண் தோன்றுவதை மர்ரி காட்டினார். குதிரை விரைந்து ஓடும்போது வயிற்றறையின் அழுத்தம் கூடி, இரைப்பை நெருக்கப்பட்டு, அமிலம் மேல்பகுதிக்கு ஏறுகிறது என்பதை 2002இல் புளோரிடாவில் நடந்த ஓடுபொறிச் சோதனைகள் உணர்த்தின. நாம் குதிரை மசால் என்று அழைக்கும் தீவனப்பயிர் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் மிக்கது. அமிலத்தைத் தணிப்பதில் சாதாரணப் புல்லைவிட மேலானது என 2000இல் டென்னசியில் கண்டனர். அப்பயிருக்கு நம்மவர் குதிரையின் பெயரையே சூட்டியிருப்பது இனிய பொருத்தம்.

மருந்தும் வந்தது. மனிதர்களுக்காக 1988இல் சுவீடனில் அறிமுகமான ஒமிப்ரசோல், குதிரைகளுக்கான பசை வடிவில் 1999இல் அமெரிக்க அனுமதி பெற்றது. புண்ணை ஆற்ற ஓர் அளவு. வராமல் தடுக்க அதில் நாலில் ஒரு பங்கு. இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். மனிதனின் வயிற்றுப்புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று நெடுநாள் நம்பினோம். 1982இல் மார்ஷலும் வாரனும் அதற்குப் பின்னால் ஒரு நுண்ணுயிர் இருப்பதைக் கண்டறிந்தனர். 2005இல் நோபல் பரிசும் பெற்றனர். குதிரையின் இரைப்பை மேல்பகுதிப் புண்ணிலோ கதை தலைகீழ். பழிபோட நுண்ணுயிர் இல்லை. பழி நம் கால அட்டவணையின் மீதே விழுகிறது.

2015இல் ஐரோப்பிய வல்லுநர்கள் மேல்பகுதிப் புண்ணையும் கீழ்ப்பகுதிப் புண்ணையும் வெவ்வேறு நோய்களாகப் பிரித்தனர். கீழ்ப்பகுதி நோய்க்கு மருந்து அவ்வளவு எளிதில் கைகொடுப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது ஓய்வு தருவது நல்லது என்பது இன்றைய அறிவுரை. மேல்பகுதிப் புண்ணைத் தடுக்கும் வழிகளோ வியப்பூட்டுமளவுக்கு எளியவை. புல்லோ உலர்புல்லோ எப்போதும் எட்டும்படி இருக்கட்டும். இரு தீனிகளுக்கு நடுவே ஆறு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. மாவுச்சத்து உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 கிராமைத் தாண்டலாகாது. அதாவது 500 கிலோ குதிரைக்கு ஒரு கிலோ. ஓட்டத்துக்கு முன் நறுக்கிய குதிரை மசால் சிறிது கொடுக்கலாம். குடிநீர் எந்நேரமும் வேண்டும். முடிந்தபோதெல்லாம் வெளியே, இன்னொரு குதிரையின் துணையோடு விட வேண்டும். சுருங்கச் சொன்னால், குதிரையைக் கொஞ்சம் குதிரையாக இருக்க விடவேண்டும்.

இவ்வளவு எளிய வழியிருந்தும் பசைக்குழாய் விற்பனையாவதன் காரணத்தையும் சொல்லியாக வேண்டும். புல்வெளி நிலம் கேட்கிறது. ஓய்வு நாள் பந்தயப் பணத்தைக் கேட்கிறது. மருந்து இரண்டையும் கேட்பதில்லை. அதை நிறுத்திய சில வாரங்களில், பழைய லாயத்தில் பழைய தீனியோடு நிற்கும் குதிரைக்குப் பழைய புண்ணே திரும்பி வருகிறது. மருந்தைக் குறை சொல்வதற்கில்லை. வலியைத் தணிப்பது எதுவாயினும் நன்றே. ஆனால் அது ஆற்றுவது குதிரையின் இரைப்பையையா, நம் அட்டவணையையா என்று ஒவ்வொரு லாயமும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஹாங்காங் ஆய்வில் ஓய்வு பெற்ற குதிரைகளில் 48 சதவீதத்தின் இரைப்பையில் புண் இல்லை. ஓட்டம் நின்றபின் அவற்றுக்குக் கிடைத்ததில் ஒரு பகுதியையேனும் ஓடும்போதே கொடுக்க முடியும் என்பதே இந்த நாற்பதாண்டு ஆராய்ச்சியின் சாரம்.