உயிர்தப்பியோர் வரலாறும் திரைப்படச் சான்றும்: வார்சா யூதக் குடியிருப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாசிகளின் ஒடுக்குமுறையிலிருந்து உயிர்தப்பியோரைப் பற்றிய திரைப்படங்கள் வரலாற்றாய்வுக்கு எவ்வகையில் பயன்படுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வார்சாவைச் சேர்ந்த பியானோக் கலைஞர் விளாடிஸ்லாவ் ஸ்பில்மனின் வாழ்க்கை நூலாகவும் திரைப்படமாகவும் பெற்ற வடிவங்கள் ஒப்பிடப்படுகின்றன. இத்தகைய படங்கள் காட்டும் காலத்துக்கு மட்டுமன்றி, அவை எடுக்கப்பட்ட காலத்துக்கும் சான்றாகின்றன என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: யூத இனப்படுகொலை, வார்சா, உயிர்தப்பியோர், சாட்சியம், திரைப்படம், தணிக்கை.

முன்னுரை

வரலாற்றாய்வாளர் பலர் கதைப்படத்தைச் சான்றாகக் கொள்ளத் தயங்குவர். உரையாடல் புனையப்படுகிறது, காலம் சுருக்கப்படுகிறது, நடிகர் முகம் உண்மை மாந்தரின் முகத்தை மறைத்துவிடுகிறது. இத்தயக்கம் நியாயமானதே. ஆயினும், ஆவணப்படக் காட்சிகள் நம்பத்தக்கவை, கதைப்படங்கள் நம்பத்தகாதவை என்னும் எளிய பாகுபாடு வார்சாவைப் பொறுத்தவரை நிலைபெறுவதில்லை.

ஒடுக்கியோரின் கேமரா

1940 நவம்பரில் வார்சா யூதக் குடியிருப்பு மதிலால் அடைக்கப்பட்டது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனுள் நெருக்கப்பட்டனர். 1942 மே மாதத்தில் ஜெர்மானியப் படக்குழு ஒன்று அங்கே படம் பிடித்தது. அதே ஆண்டு ஜூலை 22 முதல் செப்டம்பர் 21 வரை ஏறத்தாழ 2,65,000 பேர் திரெப்லிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். முற்றுப்பெறாத அப்பரப்புரைப் படத்தின் காட்சிகள், போருக்குப் பின் பல ஆவணப்படங்களில் குடியிருப்பு வாழ்வின் நேரடிப் பதிவாக எடுத்தாளப்பட்டன. ஒரே காட்சி மீண்டும் மீண்டும் நடிக்கவைத்து எடுக்கப்பட்டதைக் காட்டும் படச்சுருள் பின்னர்க் கிடைத்தது. யாயேல் ஹெர்சான்ஸ்கி 2010இல் வெளியிட்ட ஆவணப்படம் இதனை விரிவாக வெளிப்படுத்தியது.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. ஆஷ்விட்ஸ் முகாமில் கைதியாக இருந்த வாண்டா யாகுபோவ்ஸ்கா, அம்முகாமிலேயே படமாக்கி 1948இல் ‘இறுதிக் கட்டம்’ என்னும் கதைப்படத்தை வெளியிட்டார். அதில் இடம்பெற்ற ரயில் வருகைக் காட்சியை அலேன் ரெனே தம் ‘இரவும் மூடுபனியும்’ ஆவணப்படத்தில் பயன்படுத்தினார். ஆக, ஒடுக்கியோர் எடுத்த ‘ஆவணம்’ புனைவாகவும், உயிர்தப்பியவர் எடுத்த புனைவு ஆவணமாகவும் அமைந்துவிட்டன. படத்தின் வகையைக் காட்டிலும் யார், எந்நோக்கில் எடுத்தார் என்பதே முதன்மையான வினா என்பது இதனால் தெளிவாகும்.

ஒரு வாழ்க்கை, இரு திரைப்படங்கள்

ஸ்பில்மனின் பெற்றோரும் உடன்பிறந்தோர் மூவரும் 1942இல் நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். ரயிலேற்றும் இடத்தில் காவலர் ஒருவர் வரிசையிலிருந்து இழுத்துவிட்டதால் அவர் மட்டும் தப்பினார். 1943இல் குடியிருப்பை விட்டு வெளியேறி, மறைவிடங்களில் வாழ்ந்தார். 1944 இறுதியில் இடிபாடுகளுக்கிடையே ஒளிந்திருந்தபோது வில்ம் ஹோசன்ஃபெல்ட் என்னும் ஜெர்மானிய அதிகாரி அவருக்கு உணவளித்துக் காத்தார்.

இந்நினைவுகள் 1946இல் போலந்தில் நூலாயின. ஜெர்மானியர் ஒருவர் உதவினார் என்று எழுத அன்றைய சூழல் இடந்தரவில்லை. அவ்வதிகாரி நூலில் ஆஸ்திரியராகக் காட்டப்பட்டார். ஸ்பில்மனின் அனுபவத்தைத் தழுவி யெர்ஸி ஆந்த்ஷெயெவ்ஸ்கியும் செஸ்லாவ் மிலோஸும் திரைக்கதை எழுதினர். அரசியல் கட்டாயத்தால் அது பலமுறை மாற்றப்பட்டது. மிலோஸ் தம் பெயரை விலக்கிக்கொண்டார். 1950இல் வெளிவந்த படத்தின் நாயகன் யூதரல்லர். யாருடைய துயரம் கதைக்கு மூலமாயிற்றோ, அவருடைய இன அடையாளமே திரையில் இல்லாது போயிற்று.

நூல் 1998இல் ஜெர்மன் மொழியில் வந்தபோது ஹோசன்ஃபெல்டின் பெயர் பரவலாக அறியப்பட்டது. அவர் 1952இலேயே சோவியத் சிறையில் இறந்திருந்தார். கிராக்கோவ் யூதக் குடியிருப்பில் சிறுவனாக உயிர்தப்பிய ரோமன் போலன்ஸ்கி 2002இல் ‘த பியானிஸ்ட்’ படத்தை இயக்கினார். 2008இல் யாத் வாஷெம் நிறுவனம் ஹோசன்ஃபெல்டுக்கு ‘நாடுகளிடையே நீதிமான்’ என்னும் சிறப்பை வழங்கியது.

இப்படமும் மூலத்தினின்று விலகுகிறது. அதிகாரியின் முன் ஸ்பில்மன் சோப்பினின் நாக்டர்ன் ஒன்றை வாசித்ததாக நூல் கூறுகிறது. படத்தில் அவர் வாசிப்பது சோப்பினின் பாலட். இது கலைத்தேவை கருதிய மாற்றம். 1950ஆம் ஆண்டுப் படத்தின் மாற்றமோ பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தையே நீக்குவது. இரண்டையும் ‘வரலாற்றுப் பிழை’ என ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது.

விதிவிலக்கும் விதியும்

உயிர்தப்பியோர் படங்கள் மீது வைக்கப்படும் வலுவான மறுப்பு ஒன்றுண்டு. கொல்லப்பட்ட யூதர் ஏறத்தாழ அறுபது லட்சம் பேர். ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ (1993) காட்டுவது ஆயிரத்துச் சொச்சம் பேர் காக்கப்பட்ட கதை. விதிவிலக்கை மையப்படுத்துவது விதியை மறக்கச்செய்யும் என்பது அம்மறுப்பின் சாரம். க்ளோத் லான்ஸ்மன் தம் ‘ஷோவா’ (1985) படத்தில் பழைய காட்சிகளையும் மறுநடிப்பையும் தவிர்த்து, ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகச் சாட்சியங்களையே பேசவைத்தார்.

மறுப்பை ஏற்கும்போதும் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. ஒன்று, ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ வெளிவந்த பின் 1994இல் தொடங்கப்பட்ட ஷோவா அறக்கட்டளை 50,000க்கும் மேற்பட்ட சாட்சியங்களைப் பதிவுசெய்தது. கதைப்படம் ஒன்று ஆவணக்காப்பகம் உருவாகக் காரணமாயிற்று. மற்றொன்று, ‘த பியானிஸ்ட்’ தப்பியதை வீரமாகவோ தகுதியாகவோ காட்டவில்லை. ஸ்பில்மன் பிழைத்தது பெரிதும் தற்செயலாலும் பிறர் துணையாலும்தான். தப்பியவரைக் காட்டியே, தப்பாதோர் இறந்தது அவர்தம் குறையால் அன்று என்பதை அப்படம் உணர்த்துகிறது.

முடிவுரை

இம்மானுவேல் ரிங்கல்ப்ளமும் அவர் குழுவினரும் குடியிருப்புக்குள் எழுதித் தொகுத்த ஆவணங்களின் ஒரு பகுதி 1946இல் உலோகப் பெட்டிகளிலும் மற்றொரு பகுதி 1950இல் பால் கலன்களிலும் மண்ணுக்கடியிலிருந்து மீட்கப்பட்டன. அவற்றின் இடத்தை எந்தத் திரைப்படமும் நிரப்ப இயலாது. எனினும், அத்தகைய ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பயிலும்போது திரைப்படம் மூன்று வகையில் பயன்தருகிறது: ஒடுக்கியோர் பார்வைக்கு மாற்றுப் பார்வையை அளிக்கிறது, ஒரு சமூகம் எப்போது எதைச் சொல்ல அஞ்சியது என்பதைக் காட்டுகிறது, புதிய சாட்சியங்களை வெளிக்கொணர்கிறது. நேரில் கண்டோர் மறைந்துவரும் இக்காலத்தில், ‘இப்படம் உண்மையா?’ என்று கேட்பதோடு அமையாது, ‘இப்படத்தில் யார் இல்லை, ஏன் இல்லை?’ என்றும் கேட்பது ஆய்வாளரின் கடமையாகும்.